கச்சான் காற்றில் ஒரு வேப்பங்கன்று

நேற்று வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ் வந்தது. ஜூன் 5, சுற்றாடல் தினம், மரநடுகை, தேநீர். போன வருஷமும் இதே நிகழ்வுக்குப் போனேன். உயர்கல்வி நிறுவனம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், பெயர் வேண்டாம்.

ஜூன் என்றால் திருகோணமலையில் கச்சான் காற்று முகத்தில் அறையும் காலம். மண் வறுத்த மா மாதிரி உதிரும். அதில் குழி தோண்டி வேப்பங்கன்று வைத்தோம், படம் எடுத்தோம், வடை சாப்பிட்டோம். ஆகஸ்டில் அந்தப் பக்கம் போனபோது பெயர்ப்பலகை இருந்தது, கன்று இல்லை. வெயில் பாதி, மான் பாதி. (நகரத்துக்குள் மான் திரிகிற ஊர் நம்முடையது, யாரைக் குறை சொல்வது?) இங்கே மாரி ஒக்டோபருக்குப் பிறகுதான் என்று எங்கள் அம்மம்மாவுக்கும் தெரியும். ஆனால் பேனர் ஜூனில்தான் அடிக்கிறார்கள்.

மரத்தோடு எனக்குப் பகை இல்லை. அன்று மேடையில் 'காபன் நடுநிலை வளாகம்' என்று நாலைந்து தடவை சொன்னார்கள். வெளியேற்றுகிற காபனை எல்லாம் குறைத்தோ ஈடுகட்டியோ கணக்கைப் பூச்சியமாக்குவதாம். சரி, இப்போது இந்த வளாகத்திலிருந்து வருஷத்துக்கு எவ்வளவு காபன் வெளியேறுகிறது என்று தேநீர் நேரத்தில் கேட்டேன். "நல்ல கேள்வி" என்றார்கள். அவ்வளவுதான்.

கணக்கு ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. உலகம் முழுக்க மூன்று பங்காகப் பிரிக்கிறார்கள். நாமே எரிப்பது முதலாவது: ஜெனரேட்டர் டீசல், வளாக பஸ், விடுதிச் சமையல் காஸ். இரண்டாவது, வாங்குகிற மின்சாரம். நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் நம் மின்விசிறிக்கும் சேர்த்துத்தான் எரிகிறது. மூன்றாவது மிச்சமெல்லாம்: மூதூர், கிண்ணியாப் பிள்ளைகள் ஏறி வரும் பஸ், மாநாட்டுக்குப் பறக்கும் விமானம், வாங்கிக் குவிக்கும் கணினி. மூன்றாவது சிக்கல், ஒத்துக்கொள்கிறேன். முதல் இரண்டுக்கும் ஸ்டோர் புத்தகமும் கரண்ட் பில்லும் போதும். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு. பெருக்கத் தெரிந்த முதலாம் வருஷப் பிள்ளை ஒரு பின்னேரத்தில் முடித்துவிடும்.

யாரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு. அன்றைக்கே மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தம்பி ஏசிக்குக் காஸ் அடித்துக்கொண்டிருந்தார். வெளிப்பெட்டி உப்புக் காற்றில் துருவேறி, தொட்டால் உதிர்ந்தது.

"வருஷா வருஷம் இறங்குது சேர். அடிச்சு விடுறம்."

"லீக் எங்கேயெண்டு பார்க்கிறதில்லையா?"

"அதுக்கு பில் போடேலாது சேர். காஸுக்குத்தான் போடலாம்."

பல ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால், 2 தொன் காபனீரொட்சைட்டை வானில் விட்டதற்குச் சமம். 700 லீற்றருக்கு மேல் டீசல் எரித்த கணக்கு. முன்னால் கன்று நடுகிறோம், பின்னால் இது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2013இல், 2025க்குள் காபன் நடுநிலை என்று அறிவித்தது. பிறகு இலக்கையே மாற்றினார்கள். வேறெங்கோ பிறர் குறைத்ததைக் காசு கொடுத்து 'காபன் வரவு' என்று வாங்கி நேர்செய்வதை நம்பியிராமல், 2019 அளவிலிருந்து 90 வீதத்தை 2045க்குள் நேரடியாகக் குறைப்பது என்று. தோல்வி என்று சிரிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தவறவிடுவதற்கும் கையில் ஓர் எண் வேண்டுமே. நம்மிடம் அது இல்லாததால் நாம் ஒருநாளும் தோற்கப்போவதில்லை!

இன்னொன்று. 2022ஐக் காட்டி 'குறைத்துவிட்டோம்' என்று யாராவது வந்தால் சண்டைக்கு வருவேன். 13 மணிநேரம் மின்வெட்டு, டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை. பவுசர் வராததைக் கொள்கை என்று எழுதக்கூடாது.

சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் என்றபோது, சாம்பலை எங்கே கொட்டுவீர்கள், சுடுநீர் கொட்டியாரக் குடாவை என்ன செய்யும் என்று கேட்ட மாவட்டம் இது. 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நிலக்கரியிடம் கேட்ட கேள்வியை நம் ஜெனரேட்டரிடம் கேட்க ஏன் கூச்சம்?

அழைப்பிதழுக்கு வருகிறேன் என்று பதில் போட்டேன். கன்றை நவம்பரில் வைப்போமா, டீசல் புத்தகத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா என்றும் கேட்டேன். முதல் கேள்விக்குக் கட்டைவிரல் வந்தது. இரண்டாவதற்கு இதுவரை நீலக் கோடு மட்டும்தான்.