வாஸ்கோடகாமா அரிக்கமேட்டுக்கு வரவில்லை

"1498-ல் வாஸ்கோடகாமா முதலில் இறங்கியது நம்ம புதுச்சேரி அரிக்கமேட்டில்தான், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பெற்றோர் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. அவர் வந்து சேர்ந்தது கோழிக்கோடு அருகே, மேற்குக் கரையில். பள்ளி வரலாற்றுப் பாடநூலிலேயே இருக்கிறது, புரட்டிப் பாருங்கள்.

அரிக்கமேட்டுக்கு அவர் பெயரை ஒட்டவைக்க வேண்டிய அவசியமும் இல்லை. 1945-ல் பிரிட்டிஷ் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். கிடைத்தவற்றில் மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து மது வந்த ஆம்போரா சாடிகளின் ஓடுகளும் உண்டு. காமா கப்பலேறுவதற்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய வணிகம் அது! புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருட்கள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.