சொட்டு மருந்தும் சிரட்டையும்

சேவைக் கழகங்கள் என்றால் மாலை போடுவதும் படம் எடுப்பதும்தான் என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன். பாதி சரி. மற்றப் பாதியையும் சொல்லவேண்டும். உலகளாவிய சேவைக் கழகமான றோட்டரி 1985இல் போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தது. 1988இல் உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் மூன்றரை இலட்சம் பிள்ளைகளை முடமாக்கிய நோய். இப்போது இயற்கையாகப் பரவும் காட்டுவகைப் போலியோ வைரஸ் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும்தான் நிலைத்திருக்கிறது. இலங்கையில் கடைசி நோயாளி 1993இல்.

தொண்ணூறுகளின் நடுவில், போலியோ சொட்டு மருந்துக்காகவே அரச படையும் புலிகளும் சண்டையை நிறுத்திய நாட்கள் இங்கே இருந்தன. எங்கள் வாசிகசாலைத் திண்ணையில் குளிர்ப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். கரண்ட் இல்லாத ஊர். ஐஸ் கரைய முதல் பெட்டியை முடிக்கவேண்டும் என்ற அவசரம். ஒரு சின்னன் துப்பிவிட, தாதி அக்கா சிரித்துக்கொண்டே திரும்பவும் இரண்டு சொட்டு விட்டார்.

இப்போது என் மகன் பாடசாலை லியோ கழகத்தில், அதாவது லயன்ஸ் கழகத்தின் இளையோர் பிரிவில். டெங்கு ஒழிப்புச் சிரமதானத்தில் முதல் அரை மணித்தியாலம் பனர் பிடித்துப் படம் எடுத்தார்களாம், எனக்கும் எரிச்சல்தான். ஆனால் பிறகு வளவு வளவாய்ப் போய் சிரட்டை, யோகட் கோப்பை எல்லாம் கவிழ்த்திருக்கிறார்கள். வீட்டில் வாயே திறக்காத பெடியன், அடுத்த வளவு ஆச்சியிடம் கிணற்றடித் தொட்டியில் நுளம்புக் குடம்பியைக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றான். ஆச்சி அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, தொட்டியைத் தானே கவிழ்த்தாவாம்.