இரும்பைத் தின்னும் குடும்பம்

வெட்டி ஒட்டிய படம் என்றாலே ஏமாற்று வேலை என்று நினைக்கிற நிலைக்கு வாட்ஸ்அப் நம்மைக் கொண்டுவந்துவிட்டது. எனக்கு அதில் ரொம்ப வருத்தம். போன நூற்றாண்டின் மிக நேர்மையான அரசியல் படங்களில் சில, கத்தரிக்கோலும் பசையும் வைத்துச் செய்யப்பட்டவை.

ஜான் ஹார்ட்ஃபீல்டைச் சொல்கிறேன். பெர்லின்காரர். இயற்பெயர் ஹெல்முட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட். முதல் உலகப்போரின்போது ஜெர்மனியில் இங்கிலாந்து மீது வெறுப்பைக் கிளப்பிவிட்டார்கள். அதை எதிர்த்துத் தன் பெயரையே ஆங்கிலப் பெயராக மாற்றிக்கொண்டவர் இவர்.

1935 டிசம்பரில் ஏ.ஐ.இசட். என்ற தொழிலாளர் பட இதழில் வந்த அவருடைய மான்டேஜ் (பல புகைப்படங்களை வெட்டி ஒட்டிச் செய்த படம்) ஒன்றைத் தேடிப் பாருங்கள். ஒரு குடும்பம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. சுவரில் ஹிட்லர் படம், சுவர்க்காகிதம் முழுக்க ஸ்வஸ்திகா. அவர்கள் சாப்பிடுவது சைக்கிளை. குழந்தை கோடாரியைக் கடிக்கிறது. கீழே நாய் ஒரு பெரிய நட்டை நக்குகிறது. தலைப்பு: ‘ஆஹா, வெண்ணெய் தீர்ந்துபோச்சு!’ அதன் கீழே ஹிட்லரின் அமைச்சர் கோரிங் ஹாம்பர்க்கில் பேசிய பேச்சு அச்சாகியிருக்கிறது: இரும்புத்தாதுதான் எப்போதும் ஒரு பேரரசை வலுவாக்கியது, வெண்ணெயும் கொழுப்பும் மிஞ்சிப்போனால் மக்களைக் கொழுக்க வைத்தன என்று. அமைச்சர் சொன்னதை அப்படியே ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார் ஹார்ட்ஃபீல்டு. அவ்வளவுதான்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் ஒட்டு தெரியாமல் செய்வதில் அவர் கெட்டிக்காரர். தேவையான காட்சியைப் புகைப்படக்காரரை வைத்து எடுக்கச் சொல்லுவார். வெட்டி ஒட்டி, விளிம்புகளை டச்சப் செய்வார். செப்பு உருளையில் அச்சிடும் கிராவூர் முறையில் நிழல் மென்மையாக இறங்கும், ஒட்டிய கோடு அதில் கரைந்துவிடும். ஆனாலும் அந்தக் குடும்பம் நிஜமாகவே சைக்கிளைத் தின்றது என்று யாரும் நம்பப் போவதில்லை. பார்த்த நொடியிலேயே இது செய்த படம் என்று தெரிந்துவிடும். நம்மை ஏமாற்றாமலேயே நம்மை உலுக்குகிறது. என்னைக் கேட்டால், போராட்டக் கலைக்கும் போலிச் செய்திக்கும் நடுவில் இருக்கும் கோடு இதுதான்.

1932 அக்டோபர் அட்டைப்படமும் அப்படித்தான். ஹிட்லர் கையை உயர்த்தி சல்யூட் வைக்கிறார். பின்னால் நிற்கும் ராட்சத முதலாளி அந்தக் கையில் நோட்டுக்கட்டை வைக்கிறார். வாசகம்: ‘லட்சங்கள் என் பின்னால் நிற்கின்றன.’

இதற்கெல்லாம் விலை கொடுத்தார். 1933இல் எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் ஆட்கள் வீட்டுக்கு வந்தபோது பால்கனியிலிருந்து குதித்துத் தப்பி, செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராகுக்குப் போனார். அங்கேயும் விடவில்லை. அடுத்த வருஷம் ஒரு கண்காட்சியில் வைத்த படங்களை எதிர்த்து ஜெர்மன் தரப்பு நெருக்கடி கொடுக்க, சில படங்களை எடுத்துவிட்டார்கள். அதையும் ஒரு மான்டேஜ் ஆக்கினார்: எத்தனை படங்களைக் கழற்றுகிறார்களோ அத்தனைக்கு நிஜம் கண்ணுக்குத் தெரியும் என்று.

சரி, அவரைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டுமா என்றால், மாட்டேன். அவர் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். ஸ்டாலின் பக்கம் அந்தக் கத்தரிக்கோல் திரும்பவே இல்லை. அதே காலத்தில் மாஸ்கோவிலும் கத்தரிக்கோல் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. கால்வாய்க் கரையில் ஸ்டாலின் பக்கத்தில் நின்ற உளவுத்துறைத் தலைவர் யெழோவ், 1940இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு படத்திலிருந்தும் காணாமல் போனார். அவர் நின்ற இடத்தில் தண்ணீரை வரைந்து நிரப்பிவிட்டார்கள். ஸ்டாலினுக்காக மான்டேஜ் போஸ்டர்கள் செய்த குஸ்தாவ் குளுட்சிஸை அதற்கு முன்பே, 1938இல், அதே ஆட்சி கொன்றது. இதைப் பற்றியெல்லாம் ஹார்ட்ஃபீல்டு ஒரு படமும் செய்யாதது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவ்வளவு விசுவாசமாக இருந்தும், 1950இல் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பியபோது, நடுவில் அவர் லண்டனில் அகதியாக இருந்ததைக் காட்டிச் சந்தேகப்பட்டு ஓரங்கட்டினார்கள்.

இன்று ஏஐயில் ஒரு தலைவர் சொல்லாததைச் சொன்னதாக, போகாத இடத்துக்குப் போனதாகப் படம் செய்து சுற்றவிடுகிறவர்கள், கேட்டால் கலைச் சுதந்திரம் என்கிறார்கள். அது யெழோவை அழித்தவர்களின் வேலை, ஹார்ட்ஃபீல்டின் வேலை இல்லை. நிஜமாகவே எதிர்ப்புப் படம் செய்கிற தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: யாரைச் சாடுகிறீர்களோ, அவர் எங்கே, எப்போது, என்ன பேசினார் என்பதைப் படத்துக்குக் கீழேயே போடுங்கள்.