ஆங்கிலத் தலைப்பு இருந்தால் அமெரிக்கத் தட்டு என்று பதியாதீர்கள்

"தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தால் அந்த இசைப்பெட்டித் தட்டு அமெரிக்காவில் செய்தது, அதில் அச்சிட்ட காப்புரிமை (patent) ஆண்டுதான் இசை பதிவான ஆண்டு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (இசைப்பெட்டி என்பது உலோகத் தட்டு சுழன்று பாட்டு இசைக்கும் பழைய இயந்திரப் பெட்டி.) இரண்டுமே தவறு. இப்படியே சேகரிப்பு அட்டவணையில் ஏற்றினால் பின்னால் திருத்துவது பெரும்பாடு.

இசைப்பெட்டிகள் செய்த, ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து பாலிஃபோன் நிறுவனம் பிரிட்டனுக்கு நிறைய ஏற்றுமதி செய்தது. அந்தத் தட்டுகளில் ஆங்கிலத் தலைப்பு சாதாரணம். குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாலிஃபோனைத் தொடங்கியவர்களில் ஒருவரான குஸ்தாவ் பிராக்ஹவுசன் 1892-இல் அமெரிக்கா போய் ரெஜினா என்ற இசைப்பெட்டி நிறுவனத்தை ஆரம்பித்தார். அதனால் 15½ அங்குல ரெஜினா தட்டு அதே அளவு பாலிஃபோன் பெட்டியிலும் ஓடும். பெட்டியில் பொருந்துகிறது என்பதை வைத்தும் நாட்டை முடிவு செய்ய முடியாது.

அப்புறம், "பதிவு" என்ற சொல்லே இங்கே சரியில்லை. கிராமஃபோன் தட்டுபோல இதில் யாருடைய வாசிப்பும் பதிவாவதில்லை. தட்டின் அடியில் நீட்டியிருக்கும் உலோகக் கொக்கிகள் நட்சத்திரச் சக்கரங்களைத் தள்ள, அவை எஃகுச் சீப்பின் பற்களை மீட்டுகின்றன. காப்புரிமை ஆண்டு இந்த இயந்திர அமைப்புக்கு உரியது. அதே ஆண்டை அச்சிட்டு, பின்னால் வந்த பாட்டுகளுக்கும் தட்டு வெட்டியிருக்கிறார்கள்.

ஆகவே நிறுவனப் பெயர், விட்டம், தட்டு எண், அச்சிட்டபடியே தலைப்பு ஆகியவற்றை எழுதுங்கள். காப்புரிமை ஆண்டுக்குத் தனிக் கட்டம் போடுங்கள். தயாரித்த ஆண்டுக்கு வேறு சான்று கிடைக்கும்வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.