ஜேனட் கேனர் பெற்றது ஒரு படத்துக்கான விருது அன்று

'செவன்த் ஹெவன்' என்ற ஒரே படத்துக்காக அமெரிக்க நடிகை ஜேனட் கேனர் சிறந்த நடிகைக்கான முதல் ஆஸ்கர் விருதைப் பெற்றார் என்றும், பேசும்படம் வந்ததோடு அவருடைய காலம் முடிந்தது என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டையும் திருத்த வேண்டியிருக்கிறது.

1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில், ஒரு நடிகரின் பல படங்களைச் சேர்த்து மதிப்பிட்டு ஒரே விருது வழங்கும் முறை இருந்தது. அதன்படி, ஃபிராங்க் போர்சேகி இயக்கிய 'செவன்த் ஹெவன்', 'ஸ்ட்ரீட் ஏஞ்சல்' ஆகியவற்றோடு, எஃப். டபிள்யூ. முர்னாவ் இயக்கிய 'சன்ரைஸ்' படத்தையும் சேர்த்தே, அப்போது 22 வயதான கேனருக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. ஒரு படத்தின் நடிப்புக்கு ஒரு விருது என்ற இன்றைய நடைமுறை சில ஆண்டுகள் கழித்தே நிலைபெற்றது. பாரிஸ் நகரச் சாக்கடைத் தொழிலாளியான சிக்கோவுக்கும், தமக்கையின் சாட்டையடிக்குத் தப்பி வரும் டயானுக்கும் இடையிலான காதலைச் சொல்லும் 'செவன்த் ஹெவன்' அம்மூன்றில் பெரும்புகழ் பெற்றது என்பதால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்கலாம்; என் கணிப்பில் கேனரின் நடிப்பு உச்சம் தொட்டது 'சன்ரைஸ்' படத்தில்தான்.

இரண்டாவது கூற்றுக்கு ஆதாரமே இல்லை. நடிகர் சார்லஸ் ஃபாரலுடன் அவர் பாடி நடித்த 'சன்னி சைட் அப்' 1929ஆம் ஆண்டின் பேசும்படம். அது பெருவெற்றியும் பெற்றது. 1937இல் வெளியான 'எ ஸ்டார் இஸ் பார்ன்' படத்துக்காக அவர் மீண்டும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.