ஓதானியை விற்காதது தப்பே இல்லை

2023 ஜூலை என்று பேச்செடுத்தாலே பேஸ்பால் பார்க்கிற நண்பர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். அமெரிக்காவின் ஏஞ்சல்ஸ் அணி, பந்தும் வீசி மட்டையும் பிடிக்கிற ஷோஹெய் ஓதானியைக் கெடு முடிவதற்குள் வேறு அணிக்குக் கொடுத்திருக்க வேண்டும், கையில் இருந்த தங்கத்தைச் சும்மா விட்டுவிட்டார்கள் என்று. நான் அன்றும் இதை ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி. சீசனின் நடுவில் வீரர்களைக் கைமாற்றிக்கொள்ள ஒரு கடைசி நாள் உண்டு, அந்த வருடம் அது ஆகஸ்ட் 1. சீசன் முடிந்ததும் ஒப்பந்தம் தீரப்போகிற பெரிய வீரர் ஒருவர் தோற்கிற அணியில் இருந்தால், அவரை ஜெயிக்கிற அணிக்குக் கொடுத்து மூன்று நான்கு இளம் வீரர்களை வாங்கிக்கொள்வார்கள். ஓதானிக்கு ஏஞ்சல்ஸில் மிச்சம் இருந்தது இரண்டே மாதம். அவர் வந்த 2018-லிருந்து ஒரு சீசனில்கூட அந்த அணி தோல்வியைவிட அதிக வெற்றி பெற்றதில்லை. அணியின் இன்னொரு பெரிய வீரர் மைக் டிரவுட் வேறு ஜூலை தொடக்கத்தில் கை எலும்பு முறிந்து உட்கார்ந்துவிட்டார். கணக்குப் போட்டால் விற்பதுதான் புத்திசாலித்தனம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அவர்கள் விற்கவில்லை. விற்க மாட்டோம் என்று முடிவெடுத்த கையோடு வைட் சாக்ஸ் அணியிடமிருந்து லூகாஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ் என்ற இரண்டு பிட்சர்களையும் (பந்து வீசுபவர்கள்) வாங்கினார்கள். மறுநாள், ஜூலை 27, டெட்ராய்ட்டில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஓதானி ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசி, எதிரணிக்கு ஒரே ஒரு ஹிட் (மட்டையாளர் பந்தை அடித்து பேஸை எட்டுவது) மட்டும் கொடுத்து, ரன்னே கொடுக்காமல் முடித்தார். அமெரிக்காவில் அவர் முழுதாக வீசி முடித்த முதல் ஆட்டம் அது. அப்புறம் கொஞ்ச நேரம்தான் இடைவெளி. அடுத்த ஆட்டத்தில் மட்டையோடு வந்து இரண்டு ஹோம் ரன். விடிய விடிய உட்கார்ந்து பார்த்தேன், இரண்டாவது பந்து வேலியைத் தாண்டியபோது எழுந்து நின்றுவிட்டேன். அணி இரண்டிலும் ஜெயித்து 54 வெற்றி, 49 தோல்வி என்று நின்றது. அந்த நிலையில் இருக்கிற ஒரு அணி, உலகத்திலேயே வேறு யாராலும் செய்ய முடியாததைச் செய்கிற ஒரு மனிதரை வைத்துக்கொண்டு, "இந்த வருடம் வேண்டாம்" என்று கதவைச் சாத்தியிருக்க வேண்டுமா? டிக்கெட் வாங்கி ஆறு வருடமாக மைதானத்துக்கு வந்தவர்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள்?

சரி, அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்டில் 8 வெற்றி, 19 தோல்வி. ஆகஸ்ட் 23 அன்று ஓதானியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது தெரியவந்தது. மொத்தத்தில் 73 வெற்றி, 89 தோல்வி. டிசம்பரில் அவர் 10 வருடம், 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பக்கத்து ஊர் டாட்ஜர்ஸ் அணிக்குப் போய்விட்டார், 2024-லும் 2025-லும் உலகத் தொடர் கோப்பை வாங்கினார். முடிவு மோசமாக வந்ததால் முடிவெடுத்ததே மோசம் என்று ஆகிவிடாது.

விற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் வாஷிங்டன் அணியைப் பார்க்கட்டும். 2022-ல் ஹுவான் சோட்டோ என்ற பெரிய வீரரைச் சான் டியேகோ அணிக்குக் கொடுத்தார்கள். அவருக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் மிச்சம் இருந்ததால் நல்ல விலையும் கிடைத்தது, பதிலுக்கு வந்த ஏப்ரம்ஸ், வுட், கோர் மூன்று பேருமே பிறகு, அந்தந்த வருடத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். இருந்தும் 2025-ல் அந்த அணி 96 ஆட்டம் தோற்றது. இரண்டு மாத ஓதானிக்கு அந்த அளவுகூடக் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். ஆறு வருடம் கையில் வைத்துக்கொண்டு அவருக்குத் துணையாக நல்ல பிட்சர்களைச் சேர்க்காதது, பிறகு காயத்தால் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்த ஆன்டனி ரென்டோனுக்கு 24.5 கோடி டாலரைக் கொட்டியது, அப்புறம் அந்த ஆகஸ்ட் 29. நம்பிக்கையோடு வாங்கிய ஜியோலிட்டோ, லோபஸ் உட்பட ஆறு பேரை ஒரே நாளில், வேண்டுமென்பவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று வேவரில் போட்டார்கள், சம்பள வரம்பைத் தாண்டினால் வரி கட்ட வேண்டுமே என்று. அந்த இருவரையும் வாங்கக் கொடுத்த எட்கர் குவேரோ என்ற இளம் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) இப்போது வைட் சாக்ஸில் ஆடுகிறார். ஓதானியை வைத்துக்கொண்டதை நான் மன்னிக்க வேண்டிய அவசியமே இல்லை, இதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஓதானி போனதற்கு ஈடாக 2024 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) 74-வது இடம் கிடைத்தது. அதில் எடுத்த ரயன் ஜான்சன் என்ற பிட்சர், கீழ்நிலையான மைனர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2025-ன் முதல் நாளே மேஜர் லீக்கில் வந்து நின்றார். அவர் வீசும்போதெல்லாம் நேரம் ஒதுக்கிப் பார்க்கிறேன். பையன் நன்றாக வரவேண்டும்.