ஜேடில் பின்னிய கூடையைப் போலி என்று சொல்லாதீர்கள்

ஜேட் என்ற விலையுயர்ந்த கல்லில், கூடைப் பின்னல் போலச் செதுக்கிய சீனத்து மூக்குப்பொடிக் குப்பி ஒன்றின் படத்தை யாராவது பகிர்ந்தால் போதும், கீழே ஒருவர் வந்து "நல்ல ஜேடை எடுத்துப் பிரம்புக்கூடை மாதிரி செய்து கெடுத்துவிட்டார்கள், வெறும் போலிப் பகட்டு" என்று எழுதிவிடுகிறார். இதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

மலிவானதை விலையுயர்ந்ததாகக் காட்டி விற்றால்தான் அது போலி. 1696இல் காங்ஷி பேரரசர் கிலியான் ஸ்டம்ப் என்ற ஜெர்மன் பாதிரியாரை வைத்து அரண்மனைக் கண்ணாடிப் பட்டறை தொடங்கினார். பிறகு ஜேட் போலவும், சித்த மருத்துவத்தில் மனோசிலை என்கிறோமே அந்தச் செம்மஞ்சள் ஆர்செனிக் கனிமம் போலவும் கண்ணாடியிலேயே குப்பிகள் வந்தன. மனோசிலை நச்சு, மென்மையானதும்கூட. அதன் நிறத்தைக் கண்ணாடியில் கொண்டுவந்தது புத்திசாலித்தனம் என்றுதான் சொல்வேன்.

கூடைக் குப்பியில் எல்லாமே தலைகீழ். விலையுயர்ந்த கல், சந்தைக் கூடையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறது. இதில் யாரை ஏமாற்ற முடியும்?

அப்புறம், அந்த வேலையைக் கொஞ்சம் யோசியுங்கள். ஜேடில் ஒரு வகையான நெஃப்ரைட்டின் கடினம், கனிமங்களை 1 முதல் 10 வரை தரப்படுத்தும் மோஸ் அளவில் 6 முதல் 6.5 வரை, சாதாரண இரும்புக் கத்தி அதில் கீறல்கூடப் போடாது. காலால் மிதித்துச் சுழற்றும் சக்கரத்தில் ஈரமணலை வைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான், ஒரு இழை மேலே போய் அடுத்தது கீழே நுழைவது போன்ற அந்தப் பின்னலை முழுக்க எடுக்க வேண்டும். இது முடிந்தாலும் உள்ளே குடைய வேண்டும், அதுவும் சுண்டுவிரல்கூட நுழையாத வாய் வழியாக, வளைந்த கம்பியை விட்டு, கண்ணால் பார்க்காமல் கைப்பழக்கத்தை மட்டும் நம்பி. சுவர் கொஞ்சம் மெலிந்துவிட்டால் மொத்த உழைப்பும் போச்சு.

மிதமிஞ்சிய வேலைப்பாட்டை ஜேடுக்கு வந்த கேடு என்று 18ஆம் நூற்றாண்டில் சீனாவை ஆண்ட கியான்லாங் பேரரசரே கண்டித்தார் என்பீர்கள். சரி, கண்டித்தார். 1759 வாக்கில் மேற்கே உள்ள சின்ஜியாங் பகுதி அவர் கைக்கு வந்து, அங்குள்ள கோத்தான் ஊரின் ஆறுகளில் கிடைக்கும் ஜேட் கல் அரண்மனைக்குத் தாராளமாக வரத் தொடங்கிய காலம் அது. கல் மலிந்தால் வீண் அலங்காரமும் பெருகும். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கூடைப் பின்னல் பயன்பாட்டைக் கெடுக்கவில்லை. குப்பி பொடியைக் காற்றுப்படாமல் காக்கிறது, மூடியோடு ஒட்டிய சிறு கரண்டி தன் வேலையைச் செய்கிறது, வழவழப்பான கல்லில் விரலுக்குப் பிடிமானமும் கிடைக்கிறது.

அருங்காட்சியகங்களிடம் எனக்கு ஒரே கோரிக்கைதான்: முன்பக்கப் படத்தோடு நிறுத்தாதீர்கள், மேலிருந்து வாயையும், வெளிச்சம் விட்டு உள்சுவரையும் படமெடுத்துப் போடுங்கள்.